சிலர் படிக்கிறார்கள், பலர் படிப்பதில்லை – ஏன்?

புத்தகம் படிக்கிறவர்கள் இந்தப் பக்கம், படிக்காதவர்கள் அந்தப் பக்கம் என்று நம் ஊர் ஜனங்களைப் பிரித்து நிற்கச் சொன்னால், நடுவில் விழும் கோடு நாம் நினைக்கிற இடத்தில் விழாது. பட்டதாரிகள் எல்லாம் ஒரு பக்கமும் எட்டாவதோடு நின்றவர்கள் எல்லாம் இன்னொரு பக்கமும் போய் நிற்க மாட்டார்கள். கலந்துகட்டித்தான் நிற்பார்கள்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1973 முதல் 2012 வரை தபால் இலாகாவில், பெரும்பாலும் மன்னார்குடியைச் சுற்றியே வேலை பார்த்தவன் நான். எந்த வீட்டில் யார் என்ன படிக்கிறார்கள் என்பது தபால் பிரிக்கிறவனுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. சந்தா கட்டி வரவழைக்கிற பத்திரிகை, வி.பி.பி.யில் வருகிற புத்தகப் பார்சல் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போயாக வேண்டும். ஊரில் பெரிய வீடு கட்டி, வாசலில் பட்டங்களோடு பெயர்ப்பலகை மாட்டியிருந்த சிலர் வீட்டுக்கு முப்பது வருஷத்தில் கல்யாணப் பத்திரிகை, பாங்கு கடிதம் தவிர அச்சடித்த காகிதம் எதுவும் போனதில்லை. ஆனால் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒருவருக்கு மாதாமாதம் ‘மஞ்சரி’ வரும். தையல்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வி.பி.பி. வரவழைத்து, பணம் கட்ட இரண்டு நாள் தவணை கேட்டு, மூன்றாம் நாள் சில்லறையாக எண்ணிக் கொடுத்து வாங்கிப் போவார். பார்சலை வாங்கியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இங்கே ‘படிப்பது’ என்று நான் சொல்வது தேவைக்கு மேல் படிப்பதை. மருந்துச் சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு, பஸ் போர்டு இவையெல்லாம் தேவைக்குப் படிப்பது. யாரும் கேட்காமல், எந்தப் பரீட்சையும் இல்லாமல், தானே உட்கார்ந்து நாலு பக்கம் புரட்டுகிறாரே, அவரைத்தான் படிக்கிறவர் என்கிறேன். அப்படிப்பட்டவர் ஒரு வீட்டில் இருக்கிறார், அடுத்த வீட்டில் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில்கூட ஒருவர் இப்படி, ஒருவர் அப்படி. ஏன்?

வழக்கமாகச் சொல்லும் காரணங்கள்

‘கல்வி இல்லை’ என்பது முதல் காரணம். 1951 கணக்கெடுப்பில் நம் தேசத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது. சந்தோஷமான விஷயம். ஆனால் ஏழு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள இந்த மாநிலத்தில் ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் முதல் பதிப்பு ஆயிரம் பிரதி அச்சடித்து, அது விற்கவே வருஷக்கணக்காகிறது என்று பதிப்பாளர்கள் காலங்காலமாகப் புலம்புகிறார்கள். எழுத்து தெரிந்தவர் எண்ணிக்கை ஏறிய வேகத்தில் வாசகர் எண்ணிக்கை ஏறவில்லை. ஆகவே பள்ளிக்கூடம் மட்டும் வாசகரை உண்டாக்கிவிடாது.

‘நேரம் இல்லை’ என்பது இரண்டாவது. இதை உத்தியோகத்தில் இருக்கிறவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பென்ஷன் வாங்குகிற நம்மில் பலரும் சொல்கிறோமே! காலை காபிக்கும் ராத்திரி படுக்கைக்கும் நடுவில் பதினாறு மணி நேரம் மலை மாதிரி நிற்கிறது. நாலு பிள்ளைகளைப் பெற்று, விறகடுப்பில் சமைத்து, மாட்டுக்கும் தண்ணீர் காட்டிவிட்டுப் படித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, டி.வி.யும் செல்போனும். இதில் பாதி உண்மை இருக்கிறது. தொடர்கதைக்காக மட்டும் வாரப் பத்திரிகை வாங்கியவர்களைச் சின்னத்திரைத் தொடர் இழுத்துக்கொண்டது. ஆனால் டி.வி. நம் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பும் படிக்காதவர்கள் படிக்காமல்தான் இருந்தார்கள். சீட்டு விளையாடினார்கள், திண்ணையில் அரட்டை அடித்தார்கள், குளத்தங்கரையில் உட்கார்ந்தார்கள். இன்னொன்றும் பாருங்கள். செல்போனில் நாள் முழுக்க எழுத்தைத்தானே பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியக் குறிப்பை ஒருவர் விடாமல் படிக்கிறார். எழுத்தைப் பார்த்து அவருக்கு பயம் இல்லை. நாலு வரிக்கு மேல் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது, ‘அவனுக்கு மூளை அவ்வளவுதான்’ என்கிற அலட்சியப் பேச்சு. படிக்கிற வழக்கமுள்ளவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். இதை நான் அறவே ஏற்கவில்லை. என் அக்கா வீட்டு அத்தான் தன் வாழ்நாளில் ஒரு புத்தகம் முழுசாகப் படித்ததில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து எத்தனையாம் நாள் நாற்று விட வேண்டும், எந்த வயலுக்கு எந்த நெல் ஏறும், எந்த வாய்க்காலுக்கு எந்த வருஷம் யாரோடு வழக்கு என்று எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருந்தார். பாரதக் கதையில் நீங்கள் எந்த இடத்தில் தப்பாகச் சொன்னாலும் திருத்துவார். எல்லாம் கேள்வி ஞானம். திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் இருந்தால் கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறதே! காதால் வாங்கியவரைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் உண்மைக் காரணம் எது? என் கருத்தில் இரண்டு இருக்கின்றன. முதலாவது, படிப்பது ஒருவருக்குக் கஷ்டமில்லாத காரியமாக எப்போதாவது ஆனதா என்பது. இரண்டாவது, முதலாவதைவிடப் பெரியது: அவரிடம் புத்தகத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்பது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரின் கஷ்டம்

படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் மறந்துபோயிருக்கும். படிப்பது இயல்பான காரியம் அல்ல. பேச்சு தானாக வரும், எழுத்து வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சொல்லாக உடைத்து, உதடு அசைய, விரல் வைத்துப் போவார். வரியின் கடைசிக்கு வரும்போது முதலில் இருந்தது மறந்துவிடும். அதிலும் நம் தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிறது. யார், யாரை, எங்கே, எதற்காக என்று எல்லாவற்றையும் மனசில் சுமந்துகொண்டே போய், கடைசிச் சொல்லில்தான் என்ன நடந்தது என்று தெரியும். வேகமாகப் போகிறவருக்கு அது சுகம். மெதுவாகப் போகிறவருக்கு மூட்டை தூக்குகிற வேலை.

இதோடு இன்னொரு தொல்லை. நாம் பேசுகிற தமிழ் ஒன்று, அச்சில் இருக்கிற தமிழ் ஒன்று. வீட்டில் ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்று பேசிய குழந்தை, புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதைப் பார்க்கிறது. எந்தத் தாயும் தாலாட்டும்போது அப்படிப் பேசினதில்லை. ஆகவே ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் தன் மொழிக்குள்ளேயே ஒரு வாய்க்காலைத் தாண்டித்தான் புத்தகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

தாண்டுவது எப்படி? ஒரே வழிதான். சுலபமான, ருசியான பக்கங்களை ஆயிரக்கணக்கில் படிக்க வேண்டும். அதற்கு இலக்கியம் தேவையில்லை. ‘அடுத்து என்ன ஆச்சு?’ என்கிற அரிப்பு தேவை. நம் தலைமுறைக்கு அந்தப் பாலத்தைப் போட்டுக் கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். 1947-ல் வந்த அம்புலிமாமா. 1942-ல் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தமிழில். அதில் 1960-ல் ஆரம்பித்த ‘கன்னித்தீவு’ சித்திரக்கதை. முடியாத காரியத்துக்கெல்லாம் அதை உவமை சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் தினமும் அந்தச் சில கட்டங்களைப் படித்தே எழுத்தில் சரளம் வந்த டீக்கடைப் பையன்களை எனக்குத் தெரியும். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸ். அதற்கும் முன்னால், சந்தையில் விற்ற பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும். பிறகு பஸ் ஸ்டாண்டு கடைகளில் கொடியில் தொங்கிய மாத நாவல்கள்.

‘குப்பையைப் படிக்காதே’ என்று பெரியவர்கள் பிடுங்கி எறிந்தது பெரும்பாலும் இவற்றைத்தான். அந்தக் ‘குப்பை’யைப் படித்தவர்களில் கொஞ்சம் பேராவது பிறகு நல்ல நூல்களுக்குப் போனார்கள். அதைப் பிடுங்கிவிட்டு நேராக நல்ல நூலைக் கையில் திணித்த இடத்தில், பெரும்பாலும் இரண்டுமே இல்லாமல் போயிற்று.

இரண்டு கேள்விகள்

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எனக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா.

அண்ணன் வகுப்பில் முதல். அப்பாவுக்கு அவர் மேல் உயிர். அவர் கையில் பாடப் புத்தகம் தவிர வேறு எதைப் பார்த்தாலும் அப்பாவுக்குக் கோபம் வரும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: “எத்தனை மார்க்?” அண்ணன் அந்தக் கேள்விக்குக் கடைசி வரை நல்ல பதில் சொன்னார். பொறியியல் படித்தார், அரசாங்கத்தில் பெரிய பதவிக்குப் போனார். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்து, “இன்னியோட தலைமுழுகிட்டேன்” என்றார். சொன்ன சொல் தவறாதவர். அதற்குப் பிறகு அவர் விரும்பி ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை.

அக்காவை 1959-ல், எட்டாவது முடித்ததும், பெரியவளாகிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். அக்காவிடம் மார்க் கேட்க யாரும் இல்லை. அடுத்த வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் சம்சாரம், கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் கிழித்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். முதல் பாகத்தை அக்காவிடம் கொடுத்தார். கிணற்றடியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்: “எந்த இடம் வரைக்கும் வந்திருக்கே?”

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விதான் என் அக்காவை வாசகியாக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அம்மாளிடம் பதில் சொல்வதற்காகவே அக்கா ராத்திரி சிம்னி விளக்கில் படித்தது. இரண்டு பேரும் துணி துவைத்துக்கொண்டே வந்தியத்தேவனைப் பற்றி உறவுக்காரப் பையனைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள். கல்யாணமாகிப் போன வீட்டில் புத்தகம் கிடையாது. மாமியார், “பொஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்துட்டா, வீடு வெளங்கின மாதிரிதான்” என்பாராம். அக்கா மளிகைக் கடைப் பொட்டலத்தைக் கிழியாமல் பிரித்து, பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தைப் படிக்கும். கதையின் நடுப்பக்கம் மட்டும் இருக்கும். முன்னும் பின்னும் தானே கட்டிக்கொள்ளும்.

“எத்தனை மார்க்?” என்பது ஒரு கேள்வி. “எந்த இடம் வரைக்கும் வந்திருக்கே?” என்பது ஒரு கேள்வி. முதல் கேள்வி புத்தகத்தைக் கடமையாக்குகிறது. கடமை முடிந்தால் கைகழுவிவிடலாம். இரண்டாவது கேள்வி புத்தகத்தை இரண்டு பேருக்கு நடுவில் உள்ள பேச்சாக்குகிறது. பேச்சு முடிவதில்லை. நம் தேசத்தில் முதல் கேள்வி எல்லா வீட்டிலும் கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்வி ஏதோ சில அதிர்ஷ்டசாலிகளிடம் மட்டும் கேட்கப்படுகிறது. படிக்கிறவர், படிக்காதவர் என்று கோடு விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஊரே கேட்ட கேள்வி

வாசகர் என்றால் தனியாக மூலையில் உட்கார்ந்திருக்கிறவர் என்று நினைக்கிறோம். ஆனால் வாசகர் உருவாவது கூட்டத்தில்தான். ஒரு காலத்தில் இந்தக் கேள்வியை ஊரே கேட்டது. டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். சலூன்களில் பத்திரிகை கிடந்தது. கட்சிக்காரர்கள் கீற்றுக்கொட்டகையில் படிப்பகம் வைத்தார்கள். புரட்டாசியில் பாரதம் வாசித்தார்கள்.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் தொழிலாளர்களின் கதை இன்னும் அழகு. வேலை நடக்கும்போது அவர்களில் ஒருவர் பேப்பரும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கை பீடி சுற்றும், காது கேட்கும். படித்தவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்தே இந்த வழக்கம் உண்டு. அங்கே தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் பெயரைத்தான் ‘மாண்டிகிறிஸ்டோ’ என்று ஒரு சுருட்டுக்கே வைத்தார்கள். இவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கியவர்கள்?

அவ்வளவு தூரம் போவானேன், நம் மன்னார்குடிக்கே பெருமை உண்டே. 1931-ல் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு அனுப்பினார். தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அதே வருஷம்தான் நூலகத் துறைக்கான ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். அந்த விதிகளின் சாரம் இதுதான்: புத்தகம் பூட்டி வைக்க அல்ல; ஒவ்வொரு ஆளுக்கும் ஏற்ற புத்தகம் ஒன்று எங்கோ இருக்கிறது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற ஆள் ஒருவர் இருக்கிறார்; இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் நூலகர் வேலை. வரன் பார்க்கிற மாதிரிதான்! அவர் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருவது அந்தச் சட்டத்தால்தான். வரி கட்டுகிறோம்; நம்மில் எத்தனை பேர் நூலகத்து வாசல்படி ஏறியிருக்கிறோம்?

வண்டி வந்தது, சட்டம் வந்தது, கட்டடமும் வந்தது. ஆனால் வண்டியிலிருந்து இறங்கி, “போன தடவை எடுத்தீங்களே, எப்படி இருந்தது?” என்று கேட்கிற ஆள் எல்லா இடத்திலும் வந்துவிடவில்லை. புத்தகம் இருந்தால் மட்டும் போதாது. கேட்கிற ஆள் வேண்டும்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது நினைவிருக்கும். கல் உடைக்கிற பெண்கள் முதற்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் எழுத்துக் கற்றார்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். எனக்கு அதில் ஒரு பாடம் தெரிகிறது. சைக்கிளுக்குத் தினமும் வேலை இருந்தது. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக. கற்ற எழுத்துக்கும் அதே மாதிரி தினமும் வேலை இருந்தால்தான் அது நிற்கும். ருசியாகப் படிக்க ஒன்றும் கிடைக்காத வீட்டில், அதைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லாத வீட்டில், எழுத்து மெதுவாக மங்கித்தான் போகும்.

நம் வயதில் இது ஏன் முக்கியம்

படிப்பது புண்ணியம், படிக்காதது பாவம் என்று நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. அத்தானைப் போல் கேள்வி ஞானத்தில் நிறைவாக வாழ்ந்தவர்களைச் சொன்னேன். ஆனால் கேள்வி ஞானத்துக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. கேட்க வேண்டுமானால் சொல்ல ஆள் வேண்டும்.

அறுபதில் ஓய்வு பெறும்போது சொல்ல ஆள் இருக்கிறார்கள். எழுபதில் குறைகிறார்கள். எண்பதில் திண்ணையில் நாம் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். காது மந்தமாகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். முழங்கால் வலியில் கோயில் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. எண்பதைத் தொட்ட என் அண்ணன் இப்போது ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை “மணி என்ன?” என்று கேட்கிறார். ஞாபகம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. பொழுது நகரவில்லை. அக்காவுக்கு அவரைவிட இரண்டு வயதுதான் குறைவு, உடம்பு அவரைவிட மோசம். அத்தான் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாளைக்கு இருபது பக்கம் படிக்கிறது. போன் செய்தால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, புத்தகத்தைப் பற்றிப் பத்து வார்த்தை. இருவரையும் பார்க்கும்போது எனக்கு அண்ணன் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். அவ்வளவு நன்றாகப் படித்த மனிதரிடம், கையில் இருப்பதில் என்ன சுவாரஸ்யம் என்று சின்ன வயதில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று.

இந்த வயதில் ஆரம்பிக்க முடியுமா? முடியும். என்னோடு வேலை பார்த்த தபால்காரர் ஒருவர். வாழ்நாள் முழுக்க விலாசம் படித்தவர். விலாசம் தவிர எதுவும் படிக்காதவர். ஓய்வுக்குப் பின் ‘பேப்பர் படிச்சா தலை வலிக்குது’ என்று அதையும் விட்டுவிட்டார். காரணம் மனசில் இல்லை, கண்ணில் இருந்தது. சாளேசரம், வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவது. அவர் பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடியில் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறார். ஓர் இலவசக் கண் முகாமில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்து, சரியான கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை அவரிடம் கொடுத்தேன். 1940-களின் ஆரம்பத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, சின்னச் சின்ன அத்தியாயங்கள். அதில் வருகிற கும்பகோணம், மாயவரம் பக்கத்து ஊர்களெல்லாம் இவர் வாயில் பின்கோடோடு வருபவை. தினம் ஓர் அத்தியாயம் வீட்டுக்காரம்மாவுக்கு உரக்கப் படித்தார். வாரம் ஒரு முறை நான் கேட்பேன், “எந்த இடத்துல இருக்கீங்க?” எழுபது வயதில் அந்தக் கேள்வி வேலை செய்தது. இப்போது நூலகத்தில் அவர் பெயரில் அட்டை இருக்கிறது.

எல்லோருக்கும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். அண்ணனிடம் மூன்று புத்தகம் கொடுத்துப் பார்த்தேன். மரியாதையாக வாங்கி மேஜையில் அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்குப் பழைய சினிமாப் பாட்டுக் கேட்பது பிடிக்கிறது. சரி, அது அவர் வழி. இப்போதெல்லாம் நான் போகும்போது ஒரு சிறுகதையைக் கையோடு கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நடுவில் நிறுத்தினால், “அப்புறம்?” என்கிறார். அந்த “அப்புறம்?” வருகிற வரைக்கும் எனக்குக் கவலையில்லை.

ஆகவே நண்பர்களே, ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு யோசனை. முதலில் கண்ணைச் சோதித்து நல்ல கண்ணாடி போடுங்கள், வெளிச்சம் பின்னாலிருந்து விழுகிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள். நீங்கள் பார்த்த தொழில், பிறந்த ஊர், வாழ்ந்த காலம் இவற்றைப் பற்றிய சின்னப் புத்தகமாக எடுங்கள். பிடிக்காவிட்டால் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுங்கள், பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் பெயில் போட மாட்டார்கள். கண் ஒத்துழைக்காவிட்டால் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கனவே படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படிக்காதவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ‘படிங்க, படிங்க’ என்று உபதேசமும் வேண்டாம். உபதேசத்தால் வாசகரான ஒரு மனிதரைக்கூட நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிற ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறக்காமல் போய்க் கேளுங்கள். லீவுக்கு வருகிற பேரப்பிள்ளைகளிடமும் அப்படித்தான். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற குழந்தை தமிழ் எழுத்துக் கூட்டித் தடுமாறினால் திருத்தாதீர்கள், நீங்கள் முதல் பாதியை வாசித்துக் காட்டிவிட்டு, சுவாரஸ்யமான இடத்தில், காபி குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள்.